‘பார்த்து நடங்க’ போதாது: பார்க்கின்சன் வந்த வீட்டில் விழாமல் இருக்க ஒரு வழிகாட்டி

பார்க்கின்சன் நோய் வந்த எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு நாளில் அதிகம் காதில் விழுகிற சொல் "பார்த்து"தான். பார்த்து எழுந்திருங்க. பார்த்து நடங்க. பாத்ரூம்ல தண்ணி இருக்கு, பார்த்து. என் அம்மா இதை அப்பாவிடம் ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்லியிருப்பார். அப்பாவும் பார்த்துத்தான் நடந்தார். பார்த்துக்கொண்டேதான் விழுந்தார்.

அப்பா ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார். முப்பது வருஷம் பள்ளி மைதானத்தில் விசில் ஊதியவர். நோய் இருப்பது தெரிந்து ஒன்பது வருஷம் ஆகிறது. முதல் நான்கு வருஷம் அவர் விழவே இல்லை, அதனால் நாங்களும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. ஐந்தாம் வருஷம் ஒரே மாதத்தில் மூன்று தடவை விழுந்தார். மூன்றாவது தடவை மணிக்கட்டு முறிந்தது. அதற்கப்புறம் கற்றுக்கொண்டதை, இப்போதுதான் இந்த நோயோடு பழக ஆரம்பித்திருக்கும் வீட்டாருக்காக வரிசையாக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் நரம்பியல் மருத்துவரின் வேலை. வீட்டில் இருந்தபடி நாம் கவனிக்கக்கூடியது, செய்யக்கூடியது மட்டும்தான் இங்கே.

முதலில், ஏன் விழுகிறார்கள்?

நாம் நடக்கும்போது நடையைப் பற்றி நினைப்பதில்லை. எட்டு எவ்வளவு நீளம், கை எப்போது வீச வேண்டும், திரும்பும்போது எடையை எந்தக் காலுக்கு மாற்ற வேண்டும் என்பதையெல்லாம் மூளையின் உள்பகுதி ஒன்று நம்மைக் கேட்காமலே பார்த்துக்கொள்கிறது. அந்தப் பகுதிக்கு டோபமைன் என்ற ரசாயனம் வேண்டும். பார்க்கின்சனில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிகின்றன. அதனால் தானாக நடந்துகொண்டிருந்த நடை, ஒவ்வொரு எட்டாக நினைத்து நடக்க வேண்டிய வேலையாகிவிடுகிறது. கவனம் கொஞ்சம் வேறு பக்கம் போனால் எட்டு குறுகும், கால் தரையைத் தேய்க்கும், உடம்பு முன்னால் போகும், கால் பின்தங்கும். 1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை விவரித்து எழுதியபோதே, நோயாளியின் உடல் முன்பக்கம் வளைவதையும் நடை தானாக ஓட்டமாக மாறுவதையும் குறித்து வைத்திருக்கிறார்.

இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பத்தில் ஆறு பேர் ஓராண்டில் ஒரு முறையாவது விழுகிறார்கள். விழுந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பவும் விழுகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், தனக்கு எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்பதை நோயாளி சரியாகக் கணிப்பதில்லை. அப்பா மாதிரி சிலர், "எனக்கு ஒண்ணும் ஆகாது, நான் ஓடின மைதானம் எத்தனை" என்று கைத்தடியைக்கூடத் தொட மாட்டார்கள். இன்னும் சிலர் ஒரே ஒரு தடவை விழுந்ததும் பயந்துபோய் நாற்காலியை விட்டு எழுவதையே நிறுத்திவிடுவார்கள். உட்கார்ந்தே இருந்தால் தொடையில் பலம் போகும், அப்புறம் எழும்போது நிச்சயம் விழுவார்கள். பயமில்லாதவருக்கும் பயந்தவருக்கும் மருந்து ஒன்றுதான்: எப்போது, எங்கே, எதைச் செய்யும்போது விழுகிறோம் என்று தெரிந்துகொள்வது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நோய் தொடங்கி முதல் ஓரிரு ஆண்டுக்குள்ளேயே அடிக்கடி விழுந்தால், அதுவும் பின்பக்கமாக விழுந்தால், தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பார்க்கின்சன் மாதிரியே தோன்றும் வேறு நோய்களும் உண்டு. அவற்றில் விழுவது சீக்கிரமே ஆரம்பிக்கும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று. அதில் விழுந்ததை மட்டுமல்ல, விழப்போய்த் தப்பித்ததையும் எழுத வேண்டும். சுவரைப் பிடித்தது, மேசையில் சாய்ந்தது, நீங்கள் ஓடிப்போய்த் தாங்கியது எல்லாமே கணக்கு. விழுவதற்கு முன் பல தடவை தடுமாறியிருப்பார்கள். தடுமாற்றம் காசில்லாமல் கிடைக்கும் எச்சரிக்கை.

எழுத வேண்டியவை: நேரம், கடைசி மாத்திரை போட்ட நேரம், இடம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், எந்தப் பக்கம் சரிந்தார், அதற்கு முன் கண் இருட்டியதா, கால் ஒட்டியதா. எங்கள் நோட்டிலிருந்து ஒன்று:

"செவ்வாய், மதியம் 12.20. மாத்திரை 8 மணிக்கு. அடுக்களையிலிருந்து கூடத்துக்கு வந்தார். கையில் மோர் டம்ளர். அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டதும் திரும்பினார். இடது பக்கம் சரிந்து பிரிட்ஜில் சாய்ந்தார். விழவில்லை. மோர் மட்டும் போச்சு."

ஆறு வாரத்தில் இப்படிப் பதினொரு குறிப்புகள் சேர்ந்தன. எல்லாவற்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. ஏழு சம்பவம் மதியம் 12 மணிக்கும் 1 மணிக்கும் இடையில். அதாவது காலை 8 மணி மாத்திரை தீர்ந்து, 1 மணி மாத்திரை போடுவதற்கு முன்னால். ஐந்து சம்பவம் திரும்பும்போது. மூன்று, போன் மணியோ வாசல் மணியோ அடித்து அவசரமாக எழுந்தபோது. நாங்கள் பயந்து பயந்து கையைப் பிடித்து இறக்கிய மாடிப்படியில் ஒன்றுகூட இல்லை! இத்தனை நாள் தப்பான இடத்தில் காவல் காத்திருக்கிறோம்.

நோட்டை மருத்துவரிடம் காட்டினோம். இரண்டு நிமிடம் புரட்டினார், மாத்திரை நேரத்தை மாற்றி எழுதினார். அடிக்கடி விழுகிறார் என்று சொல்லியிருந்தால் அது நடந்திருக்காது.

நோட்டு எழுதுவதில் ஒரு சிக்கல், விழுந்தவர் மறைப்பார். அப்பா ஒரு தடவை கொல்லைப்புறத்தில் விழுந்ததை நாங்கள் கண்டுபிடித்தது சட்டை முழங்கையில் இருந்த செம்மண்ணைப் பார்த்து. மறைப்பதற்குக் காரணம் நம் வாய்தான். விழுந்ததும், "நான்தான் சொன்னேனே, ஏன் தனியா போனீங்க" என்று ஆரம்பித்தால் அடுத்த தடவை சொல்ல மாட்டார். திட்டாமல் நோட்டை மட்டும் எடுங்கள்.

நாலு மீட்டர் நடை

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2013-ல் மூன்றே கேள்விகளால் ஒருவர் விழும் வாய்ப்பைக் கணிக்கும் முறையொன்றைத் தந்தார்கள். கடந்த ஓராண்டில் விழுந்தாரா? கடந்த ஒரு மாதத்தில் கால் ஒட்டிக்கொண்டு நகராமல் நின்றதா? இயல்பான நடையில் நொடிக்கு 1.1 மீட்டருக்குக் கீழே நடக்கிறாரா? மூன்றுக்கும் இல்லை என்ற பதில் வந்தவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் விழும் வாய்ப்பு 17%. மூன்றுக்கும் ஆமாம் என்றால் 85%.

மூன்றாவதை வீட்டிலேயே அளக்கலாம். கூடத்திலோ நடைவழியிலோ நாலு மீட்டர் அளந்து இரண்டு சாக்பீஸ் கோடு போடுங்கள். முதல் கோட்டுக்கு ஒரு மீட்டர் முன்பிருந்தே நடக்க ஆரம்பிக்கச் சொல்லுங்கள், இரண்டாவது கோட்டைத் தாண்டியும் நடக்கட்டும். வேகமாகவெல்லாம் வேண்டாம், வழக்கமான நடை. கோட்டுக்குக் கோடு எவ்வளவு நேரம் என்று போனில் பாருங்கள். 3.6 நொடிக்கு மேல் ஆனால் அவர் மெதுவான கூட்டத்தில் சேர்ந்துவிட்டார். பக்கத்தில் ஆள் நின்றுகொண்டு செய்யுங்கள். இது மருத்துவருக்குப் பதில் இல்லை, மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று நமக்குச் சொல்லும் கணக்கு, அவ்வளவுதான்.

எழுந்ததும் பி.பி. என்ன ஆகிறது?

விழுவது எல்லாமே காலால் வருவதில்லை. படுக்கையிலிருந்து எழுந்து நாலு எட்டு வைத்ததும் சரிந்தால் முதலில் பி.பி.யைச் சந்தேகியுங்கள். பார்க்கின்சன் நோயே எழும்போது ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நரம்புகளைக் கெடுக்கும். போதாக்குறைக்கு, குறைந்துபோன டோபமைனை ஈடுகட்டத் தரும் லெவோடோபா மாத்திரையும் பி.பி.யை இறக்கும்.

வீட்டில் பி.பி. மெஷின் இருந்தால் இப்படிப் பாருங்கள். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு தடவை. எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்று நிமிடத்தில் ஒரு தடவை. மேல் எண் 20-க்கு மேலோ கீழ் எண் 10-க்கு மேலோ இறங்கினால் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். தலைசுற்றல் இல்லை என்று அவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். சிலருக்குக் கண் இருட்டும், சிலருக்கு முட்டி தளரும், சிலருக்குப் பின்கழுத்திலும் தோளிலும் வலிக்கும், அவ்வளவுதான்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பல வருஷத்துக்கு முன் பி.பி.க்கு எழுதிக் கொடுத்த மாத்திரை இப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். பார்க்கின்சன் வந்த பிறகு அது தேவையில்லாமல் போயிருக்கலாம். ஆண்களுக்கு புராஸ்டேட்டுக்காகத் தரும் டாம்சுலோசின் போன்ற மாத்திரைகளும் பி.பி.யை இறக்கும். தூக்க மாத்திரை ராத்திரி கழிவறைக்கு எழும்போது வேலையைக் காட்டும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், பையைக் காட்டிக் கேளுங்கள்.

நாம் செய்யக்கூடியது: எழும்போது கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் பத்துப் பதினைந்து தடவை ஆட்டிவிட்டு, அப்புறம் எழுவது. நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பது. இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வயிறு முட்டச் சாப்பிட்டதும் உடனே எழாமல் இருப்பது. கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிப்பதை விடுவது.

மாத்திரைக்கு மணி அடிக்கட்டும்

லெவோடோபா நேரம் தவறினால் நடை தவறும். போனில் அலாரம் வையுங்கள். மாத்திரை போட்டதும் உடனே எழுந்து குளிக்கப் போகாமல், அது வேலை செய்ய ஆரம்பித்த பிறகு குளியல், கடை, கோயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு அரை மணியாவது முன்னால் போட்டால் நன்றாக ஏறும். பால், பருப்பு, முட்டை போன்ற புரதத்தோடு சேர்ந்தால் உறிஞ்சுவது குறையும். காலைக் காபியோடு மாத்திரையை முழுங்குவது நம் வீடுகளில் சகஜம்; எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வெறும் தண்ணீருக்கு மாறியதுமே வித்தியாசம் தெரிந்தது. இரும்புச்சத்து மாத்திரையும் இதோடு ஒத்துப்போகாது, அதற்கு வேறு நேரம் ஒதுக்குங்கள்.

தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் நாமே கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில்தான் பெரிய வம்பு இருக்கிறது. சின்னாரிசைன், புரோகுளோர்பெரசைன், மெட்டோகுளோபிரமைடு மூன்றும் டோபமைனுக்குக் குறுக்கே நிற்பவை. பார்க்கின்சன் உள்ளவருக்குக் கொடுத்தால் நடை இன்னும் மோசமாகும். கிறுகிறுப்புக்கு என்று வாங்கிக் கொடுத்து, அதனாலேயே விழ வைப்பது போல.

பூனைக்காலி விதைப் பொடி சாப்பிடுபவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்த விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. அது நல்லதா கெட்டதா என்பதல்ல விஷயம். மாத்திரையோடு சேரும்போது கணக்கு இரட்டிப்பாகி பி.பி. இறங்கலாம், உடம்பு கட்டுக்கடங்காமல் ஆடலாம்.

கால் ஒட்டிக்கொள்ளும்போது

பார்க்கின்சனில் வெளியாட்களுக்குப் புரியவே புரியாத ஒன்று இருக்கிறது. நன்றாக நடந்து வருகிறவர் நிலைப்படி அருகே வந்ததும் நின்றுவிடுவார். பாதம் தரையில் கோந்து போட்டு ஒட்டியது போல இருக்கும். உடம்பு போகிறது, கால் வரவில்லை. குதிகால் மட்டும் துடிக்கும். அந்த நொடியில்தான் முன்பக்கமாக விழுவது. மருத்துவர்கள் இதை நடை உறைதல் என்கிறார்கள். அப்பா, "பூட்டு விழுந்துடுச்சு" என்பார்.

உறைவதற்கென்றே சில இடங்கள் உண்டு. வாசல், குறுகலான நடைவழி, நாற்காலிக்கும் மேசைக்கும் இடைப்பட்ட சந்து, திரும்பும் இடம், உட்காரப் போகும் நாற்காலிக்கு இரண்டு எட்டு முன்னால், லிப்ட் கதவு. கூட்டமும் அவசரமும் சேர்ந்தால் இன்னும் மோசம். கோயிலில், "நகருங்க, நகருங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தால் போதும்.

அந்த நேரத்தில் நாம் எல்லோரும் செய்யும் தவறு கையைப் பிடித்து இழுப்பது. இழுத்தால் மேல் உடம்பு வரும், கால் வராது. இழுக்கவே கூடாது. பேசிப் பேசித் துரிதப்படுத்தவும் கூடாது.

செய்ய வேண்டியது நாலு காரியம், இதே வரிசையில். நில். நிமிர். எடையை மாற்று. எட்டு வை. அதாவது நகர முயல்வதை முதலில் முழுக்க நிறுத்த வேண்டும். மூச்சு விட்டு முதுகை நிமிர்த்த வேண்டும். அப்புறம் இடது காலுக்கும் வலது காலுக்குமாக இரண்டு மூன்று தடவை மெல்ல ஆட வேண்டும். கடைசியில் ஒரு காலைத் தூக்கி, வேண்டுமென்றே பெரிய எட்டாக வைக்க வேண்டும்.

இதை பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தபோது அப்பாவுக்கு மனசில் பதியவில்லை. மூன்றாம் நாள் அவரே அதைத் தன் மொழிக்கு மாற்றிக்கொண்டார். "ஹால்ட். அட்டென்ஷன். ஸ்டாண்ட் அட் ஈஸ். லெஃப்ட்!" முப்பது வருஷம் அடுத்தவர்களுக்குப் போட்ட கட்டளை. நோயால் குரல் சன்னமாகிவிட்டது, பக்கத்தில் நிற்பவருக்குத்தான் கேட்கும். ஆனால் அந்த லெஃப்டுக்குக் கால் எழுந்துவிடுகிறது. உங்கள் வீட்டில் அது வேறொன்றாக இருக்கலாம். பாட்டுப் பாடுகிறவருக்குத் தாளம் இருக்கும், நெல் மூட்டை எண்ணியவருக்கு எண்ணிக்கை இருக்கும். போனில் தாளம் தட்டும் செயலி வைத்தும் சிலர் நடக்கிறார்கள்.

ஏன் இது வேலை செய்கிறது? தானாக ஓடும் பாதை அடைபட்டிருக்கிறது. வெளியிலிருந்து ஒரு சத்தமோ கோடோ கிடைத்தால் மூளை சுற்றுவழியில் போய் அதே வேலையைச் செய்துவிடுகிறது. மாடிப்படியில் அப்பா விழாததன் ரகசியமும் இதுதான். ஒவ்வொரு படியும் ஒரு கோடு. சமதரையில் உறைகிறவர் படியில் ஏறிப் போவதை நீங்களே பார்ப்பீர்கள். 2010-ல் நெதர்லாந்தின் நரம்பியல் மருத்துவர் பாஸ்டியான் புளூம் தன் நோயாளி ஒருவரைப் படம் பிடித்து வெளியிட்டார். நாலு எட்டு நடக்க முடியாமல் உறைந்து விழும் அந்த மனிதர், சைக்கிளில் ஏற்றிவிட்டதும் சுளுவாக ஓட்டிப் போகிறார். (இதைப் படித்துவிட்டு யாரையும் சைக்கிளில் ஏற்றித் தெருவில் விட்டுவிடாதீர்கள். இறங்கும் இடத்தில் பூட்டு விழும்.)

ஆகவே வீட்டில் அவர் உறையும் இடங்களில் கோடு போடுங்கள். தரைக்கு எதிர்நிறத்தில் அகலமான டேப்பை, நடக்கும் திசைக்குக் குறுக்காக, ஒரு நல்ல எட்டு இடைவெளியில் ஒட்டுங்கள். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. கோட்டை மிதிக்காமல் தாண்டச் சொல்லுங்கள். டேப் முனை எழும்பி நிற்காமல் வாரம் ஒரு தடவை பாருங்கள், அதுவே தடுக்கிவிடும். வெளியிடத்தில் கோடு இல்லையா, உங்கள் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்து, இதைத் தாண்டி வாங்க என்று சொன்னால் போதும்.

திரும்புவதற்கும் ஒரு முறை உண்டு. ஒரே காலை ஊன்றிச் சட்டென்று சுழலக் கூடாது. இடம் இருந்தால் பஸ் திரும்புவது போல அகலமாக வளைந்து வர வேண்டும். இடம் இல்லையென்றால் கடிகார முள் மாதிரி 12-லிருந்து 3, 3-லிருந்து 6 என்று காலை எடுத்து எடுத்து வைக்க வேண்டும். பின்னால் இருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவதை எங்கள் வீட்டில் அடியோடு நிறுத்தினோம். சொல்ல வேண்டியது இருந்தால் முன்னால் வந்து சொல்வோம். கேட்கச் சின்ன விஷயம், பழக அம்மாவுக்கு ஆறு மாதம் ஆனது.

இரண்டு வேலையை ஒன்றாகச் செய்வதும் இதே வகைதான். நடந்துகொண்டே பேசுவது, காபி டம்ளரை ஏந்திக்கொண்டு நடப்பது, பையில் சில்லறை தேடிக்கொண்டு நடப்பது. நடக்கும்போது நடக்க மட்டும். பேச வேண்டுமா, நின்று பேசலாம். போன் அடித்தால் அடிக்கட்டும், திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். இல்லையென்றால் போனை அவர் கழுத்திலேயே மாட்டிவிடுங்கள்.

கைத்தடியா வாக்கரா என்பதை நீங்களே கடையில் போய் முடிவு செய்யாதீர்கள். நாலு காலும் தூக்கி வைக்கிற சாதாரண வாக்கர், உறைதல் உள்ளவருக்குத் தாளத்தைக் கெடுக்கும். சக்கரமும் பிரேக்கும் உள்ளது பலருக்கு ஒத்துவரும். முன்னால் ஓடுகிற நடை உள்ளவருக்கு அதுவும் ஓடிவிடும். பிசியோதெரபிஸ்ட் நடக்க வைத்துப் பார்த்துச் சொல்லட்டும்.

வீடு

வீடு முழுக்க இடித்துக் கட்ட வேண்டாம். நோட்டில் எந்த அறை அதிகம் வருகிறதோ அங்கே ஆரம்பியுங்கள். அநேகமாக அது குளியலறை.

நம் குளியலறையில் குளியலும் கழிவறையும் ஒன்றாக, எப்போதும் ஈரமாக இருக்கும். வாசலில் ஒரு சின்னத் திட்டு வேறு. கழிவறைக்குப் பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று, உள்ளே நுழையும் இடத்தில் ஒன்று என்று மூன்று கைப்பிடி சுவரில் துளை போட்டுப் பொருத்துங்கள். துணி மாட்டும் கம்பியையோ குழாயையோ பிடிக்கப் பழகிவிட்டால் ஒரு நாள் அது பிடுங்கிக்கொண்டு வரும். நின்றுகொண்டு குளிப்பது வேண்டாம். ரப்பர் கால் வைத்த கனமான ஸ்டூலில் உட்கார்ந்து, வாளியை இன்னொரு ஸ்டூலில் உயர்த்தி வைத்தால் குனிய வேண்டியிருக்காது. தரையில் குனிந்து மொண்டு நிமிரும்போதுதான் பலர் பின்னால் சாய்கிறார்கள். உள்தாழ்ப்பாளை எடுத்துவிடுங்கள். முடிந்தால் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் நாம் போக முடியாது.

ராத்திரி கழிவறைக்குப் போகும் வழியில் சின்ன விளக்கு எரியட்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் சிறுநீர்க் குடுவை வைத்தால் பாதி நடை மிச்சம். அப்பா இதற்கு மட்டும் ஒரு வருஷம் சம்மதிக்கவில்லை. கனவில் கை கால் வீசுகிறவராக இருந்தால் கட்டிலை சுவரோரம் தள்ளிப் போடுங்கள், உயரத்தைக் குறையுங்கள்.

கால்மிதிகளை எடுத்துவிடுங்கள், எல்லாவற்றையும். மொசைக் தரையில் கோரைப்பாய், வயர்கள், பேரப்பிள்ளையின் பொம்மைக் கார் எதுவும் நடைவழியில் கூடாது. வாசல் தெளித்துக் கோலம் போட்ட ஈரம் காயும்வரை வெளியே போக வேண்டாம்.

உடை. தரையைப் புரளும் வேட்டியும் நைட்டியும் காலைச் சுற்றும். கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும், அல்லது எலாஸ்டிக் பேண்ட். ஹவாய் செருப்பு வேண்டவே வேண்டாம். பாதம் தேய்த்து நடக்கிறவருக்கு அதன் முனை மடங்கும். குதிகாலில் வார் போட்ட, அடிப்பகுதி ரொம்பக் கனமில்லாத செருப்பாகப் பாருங்கள்.

உடற்பயிற்சியை எப்போது ஆரம்பிப்பது?

விழ ஆரம்பிக்கும் முன்னால். 2012-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 195 பார்க்கின்சன் நோயாளிகளை வைத்துப் பார்த்ததில், வாரம் இரண்டு தடவை 24 வாரம் தாய் சி (மெதுவான அசைவுகளால் ஆன சீனப் பயிற்சி) செய்தவர்கள், வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிடக் குறைவாக விழுந்தார்கள். ஆஸ்திரேலியாவில் 231 பேரை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில், வீட்டுப் பயிற்சி நோய் முற்றாதவர்கள் விழுவதைக் குறைத்தது, முற்றியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. காத்திருந்தால் நஷ்டம் நமக்குத்தான். தாய் சி நம் ஊரில் எல்லா இடத்திலும் கிடைக்காது. கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, அடுக்களை மேடையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடப்பது, எடையை இடமும் வலமும் மாற்றுவது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவதை மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் செய்ய வேண்டும். வெளியே போக முடியாதவர்களுக்கு, தமிழ்நாட்டில் 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடு உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அப்படியும் விழுந்தால்

விழத்தான் செய்வார். அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

உடனே தூக்காதீர்கள். நம் கை பதறும், அக்குளில் கை கொடுத்து இழுக்கத் தோன்றும். தோள் இறங்கிவிடும், உங்கள் முதுகும் போகும். கீழேயே உட்கார்ந்து பேசுங்கள். தலையில் பட்டதா? இடுப்பு, தொடை இடுக்கில் வலிக்கிறதா? ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறதா? அப்படியென்றால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தலையில் அடிபட்டவர் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், பார்க்க நன்றாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூளைக்கு வெளியே மெல்லக் கசியும் ரத்தம் பல நாள் கழித்துக்கூட வெளிப்படும். தலைவலி, தூக்கக் கலக்கம், குழப்பம், நடை திடீரென்று மோசமாவது. இதை நோய் முற்றிவிட்டது என்று நினைத்து வீட்டிலேயே வைத்திருப்பவர்கள் உண்டு.

ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பார்க்கின்சன் மாத்திரையை அதே மணிக்குக் கொடுக்கச் சொல்லி நீங்கள்தான் கூடவே நிற்க வேண்டும். எலும்பு வார்டில் மாத்திரை கொடுக்கும் நேரம் வேறாக இருக்கும். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, மனக்குழப்பத்துக்குத் தரும் ஹாலோபெரிடால் இரண்டும் தரக் கூடாது என்று ஒரு அட்டையில் எழுதி, மாத்திரை நேரங்களையும் சேர்த்து, பர்ஸில் ஒன்றும் பிரிட்ஜ் கதவில் ஒன்றுமாக வையுங்கள். எலும்பு அடர்த்தி, வைட்டமின் டி பரிசோதனை பற்றி முறிவு வருவதற்கு முன்னாலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

அடி ஒன்றும் இல்லையென்றால் அவரையே எழ வைக்கலாம். கனமான மர நாற்காலி ஒன்றைக் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் நாற்காலி சறுக்கும். ஒருக்களித்துப் படுக்கட்டும். முழங்கையை ஊன்றி, கையும் முட்டியுமாகத் தவழும் நிலைக்கு வரட்டும். நாற்காலிவரை தவழ்ந்து, இரண்டு கையையும் இருக்கையில் ஊன்றட்டும். பலமான காலை முன்னால் வைத்துப் பாதத்தை ஊன்றி எழும்போது, நீங்கள் பின்னால் இன்னொரு நாற்காலியை நகர்த்தி வையுங்கள். எழுந்ததும் அதில் உட்கார்ந்துவிடலாம். அவசரமே இல்லை, கால் மணி ஆனாலும் ஆகட்டும்.

இதை விழாத நாளில் ஒத்திகை பார்த்து வைக்க வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதும் அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கூடத்தில் ஜமக்காளத்தை விரிக்கச் சொன்னார். முதலில் அவர் எழுந்து காட்டினார். அப்புறம் பீரோவிலிருந்து பழைய விசிலை எடுத்துவரச் சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அடுத்தது அம்மா என்றார். எழுபத்தோரு வயசில் அம்மா சேலையைச் செருகிக்கொண்டு, சிரிப்பு தாங்காமல் தரையில் படுத்தார். மூன்றாவது முயற்சியில்தான் எழ முடிந்தது. எனக்கு இரண்டு ஆனது. அப்பா நோட்டை வாங்கி, நடுங்குகிற பொடி எழுத்தில் எங்கள் இருவர் பெயருக்கும் எதிரே மதிப்பெண் போட்டார். எனக்கு 35. பாஸ் மார்க்.